வெள்ளைச் சட்டையும் பச்சைப் பயிரும்

சிவக்கொழுந்து காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தார். வேளாண் அலுவலர் அவர்; ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தவர். அவருடைய ஆசிரியை ரெஜினாவுக்கு முப்பத்தெட்டுதான்.

நெற்பயிரின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, அதற்குப் பசியா இல்லையா என்று சொல்லும் கருவி சிவக்கொழுந்து கையில் இருந்தது. எண் குறைந்தால் பசி, யூரியா போட வேண்டும். போன வருடம் விவசாயி மாரிக்கண்ணுவை அப்படித்தான் போடச் சொன்னார். பயிர் கொழுத்து, ஒரே மழையில் பாயாகப் படுத்துவிட்டது. மாரிக்கண்ணு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றும் அதே மாரிக்கண்ணு, உர மூட்டையோடு வரப்பில் நிற்கிறார்; பக்கத்தில் ரெஜினா.

“என்ன சார் சொல்லுது?”

“இருங்கண்ணே, இன்னொரு தடவை பாத்துடுறேன்.”

அது ஆறாவது தடவை. ஒவ்வொரு தடவையும் எண் இறங்கியது. இறங்க இறங்க, சிவக்கொழுந்து பதறிப்போய்ப் பயிரை இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றார்.

“மேடம், பயிரு நல்லாத்தான் தெரியுது. கருவி பசிங்குது. எதை நம்புறது?”

ரெஜினா போட்டிருந்த கருநீலக் கோட்டோடு வயலில் இறங்கி, கருவியை வாங்கிக்கொண்டார்.

“நீங்க வரப்புக்குப் போங்க சார்.”

போனார்.

“எழுபத்தொண்ணு. இப்ப கிட்ட வாங்க.”

வந்தார்.

“அறுபத்திநாலு. இன்னும் கிட்ட.”

“மேடம்...”

“அம்பத்தெட்டு. திரும்பப் போங்க.”

போனார்.

“எழுபத்தொண்ணு.”

சிவக்கொழுந்து குனிந்து தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது.

“அப்ப இவ்வளவு நேரம் நான் எதை அளந்தேன்?”

“உங்க சட்டையையும் சேர்த்து. வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பியடிச்சு எண்ணை இறக்கும்; என் கோட்டு கருநீலம், அப்படிப் பண்ணாது.”

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. மாரிக்கண்ணுவிடம் திரும்பி, “மூட்டையைப் பிரிக்காதீங்கண்ணே, பசி இல்ல” என்றார்.

“நெசமாவா சார்?”

“நெசமாத்தான்.”

மாரிக்கண்ணு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அவர் தலை மறையும்வரை சிவக்கொழுந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க அளந்தா சரியா வருது மேடம். நாளைக்கு நான் தனியா அளக்கணும். இந்தப் பயம் எப்பத்தான் போகும்?”

ரெஜினா கோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“பயம் எதுக்கு சார் போகணும்? அது வரப்புல நிக்கட்டும். நீங்க இதைப் போட்டுக்கிட்டு இறங்குங்க.”