தாகம் எடுத்த படகு

ஒரு ஊர்ல, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவுல, சாத்தையான்னு ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி பேரு காத்தாயி. சாத்தையா எதையும் யோசிச்சுத்தான் பேசுவான். அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கேட்டவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். அதனால ஊர்ல அவனுக்கு மந்தன்னு பேரு.

அவன் அப்பன் விட்டுட்டுப் போனது ஒரு பழைய படகும், கரையில அது நிக்கிற இடமும்தான். இடம்னா லேசுப்பட்ட இடமில்ல. மத்த பக்கமெல்லாம் அலை வந்து அறையும், அந்த ஒரு இடத்துல மட்டும் காலைத் தொட்டுட்டுத் திரும்பிப் போகும்.

பக்கத்து இடம் அவன் பெரியப்பன் மகன் எல்லப்பனோடது. அவனுக்குச் சாத்தையா இடத்து மேலதான் கண்ணு. அப்பன் செத்த பத்தாம் நாள் வந்து, படகை ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "அடிப்பலகை உளுத்துப் போச்சுடா தம்பி. இனிமே இது விறகுதான். நீ என் படகுல வந்து துடுப்புப் போடு, தின்ன மீன் தாரேன்"னான். சாத்தையாவும் நம்பி, மூணு வருஷம் துடுப்புப் போட்டான். மூணு வருஷமும் அவன் வீட்டுச் சட்டியில கொதிச்சது யாரும் காசு கொடுத்து வாங்காத காரப்பொடி மீன்தான். வஞ்சிரத்தைக் கண்ணால பாத்ததோட சரி.

அந்த ஊருக்கு ஒரு ராஜா உண்டு. அவருக்குக் கடலைப் பாத்தாத் தலை சுத்தும், ஆனா மீன் குழம்பு இல்லாமச் சோறு எறங்காது. எல்லப்பன் பழைய படகை வித்துட்டு, ராஜா கண்ணுல படணும்னு புதுப் படகு ஒண்ணு கட்டி நிறுத்தியிருந்தான். அவன் ராஜாகிட்ட போனான். போய், "மகாராஜா, எறங்காத படகெல்லாம் கரையை அடைச்சுக்கிட்டு நின்னா அரண்மனைக்கு மீன் எப்படி வரும்? ஒரு சட்டம் போடுங்க. வர்ற பௌர்ணமி அன்னிக்கு எந்தப் படகு கடல்ல எறங்கி மீனோட திரும்பலையோ, அது நிக்கிற இடம் பக்கத்துப் படகுக்காரனுக்கு"ன்னான். ராஜாவும் குழம்பை நெனச்சுக்கிட்டே, "சட்டம் நல்லாத்தான் இருக்கு"ன்னு முரசு அடிக்கச் சொல்லிட்டார்.

பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. காத்தாயி மீன் அறுக்கிற கத்தியை எடுத்துக்கிட்டுப் போய்ப் படகோட அடியில குத்திப் பாத்தா. மூணு எடத்துல குத்தினா, மூணு எடத்துலயும் கத்தி எறங்கல.

"ஏங்க, உளுத்த மரத்துல கத்தி எறங்கும். இதுல எறங்கலையே?"

சாத்தையா யோசிச்சான். "அப்போ அண்ணன் பொய் சொல்லியிருக்கான்."

"மூணு வருஷத்துலயாவது தெரிஞ்சுதே, போங்க"ன்னா காத்தாயி.

உடனே ரெண்டு பேரும் வேலையில எறங்கினாங்க. படகுக்குள்ள ஒரு நண்டு குடித்தனம் இருந்துச்சு. அது கொடுக்கைத் தூக்கிக்கிட்டு, "யாருடா என் வீட்டைத் தட்டுறது?"ன்னு கேட்டுச்சு. நண்டு பேசுமான்னு கேக்காதீங்க, அப்போ பேசிச்சு, யாரும் காது கொடுக்கலைன்னு விட்டுருச்சு. சாத்தையா, "இது எங்க அப்பன் படகு. ஒனக்கு ஈர மணல்ல நானே ஒரு வளை தோண்டித் தாரேன்"னான். தோண்டியும் கொடுத்தான். நண்டு போகும்போது, "பின்பக்கம் நான் வந்து போற சந்து ஒண்ணு இருக்கு. அதை அடைக்க மறந்துராதே"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

அப்புறம் ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் சுரண்டினாங்க, பலகை இடுக்குல பஞ்சை வெச்சு அடிச்சாங்க, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசினாங்க, நண்டு சொன்ன ஓட்டையையும் அடைச்சாங்க. அடைச்சுட்டுக் கடல்ல எறக்கினா, நூறு எடத்துல தண்ணி கசிஞ்சு உள்ள வருது! இழுத்துக் கரையில போட்டுட்டு, சாத்தையா தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். பௌர்ணமிக்கு நாலே நாள்.

காத்தாயி படகைச் சுத்திச் சுத்தி வந்தா. "ஏங்க, நான் மீன் கழுவுற மரத்தொட்டி இருக்கே, வெயில்ல காயப் போட்டு எடுத்தா மொத நாள் ஒழுகும். ஊறிடுச்சுன்னா மரம் உப்பி ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும். இது பெரிய தொட்டி, அவ்வளவுதானே? மூணு வருஷம் வெயில்ல கெடந்திருக்கு. பாவம், அதுக்குத் தாகம்."

மொத நாள் நூறு குடம் ஊத்தினாங்க. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் ஒழுகிப் போச்சு. எல்லப்பன் வந்தான்.

"என்னடா பண்றே?"

"படகுக்குள்ள தண்ணி ஊத்துறேன் அண்ணே."

"எல்லாரும் படகுலேர்ந்து தண்ணியை வெளிய எறைப்பான், இவன் உள்ள ஊத்துறான்!"னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டுப் போனான்.

ரெண்டாம் நாளும் நூறு குடம். சாயங்காலம் பாதி நின்னுச்சு. எல்லப்பன் சிரிக்கல. "நெசத்தைச் சொல்லு, தண்ணியில என்ன கலக்குறே?"

"தண்ணிதான் அண்ணே."

மூணாம் நாளும் நூறு குடம். சாயங்காலம் ஒரு சொட்டு எறங்கல. எல்லப்பன் குனிஞ்சு அடிப்பலகையைத் தடவிப் பாத்தான். "அடேய், யாருகிட்ட மந்திரம் வாங்கினே?"

காத்தாயிக்கு மனசு கேக்கல. "மாமா, ஒங்க புதுப் படகும் ராஜா பாக்கணும்னு வர்ணம் அடிச்சு மூணு மாசமா வெயில்லதானே நிக்குது? எங்கிட்டு பாத்தாலும் பலகை இடுக்குல கோடு விட்டிருக்கு. அதுக்கும் தண்ணி காட்டுங்க."

"என் படகைக் கெடுக்கப் பாக்குறியா? போடி!"ன்னுட்டான். அவன் சொன்னதெல்லாம் பொய்யா இருந்ததால, அடுத்தவங்க சொல்றதும் அவன் காதுல பொய்யாத்தான் விழுந்துச்சு.

பௌர்ணமி வந்துச்சு. ராஜா குடைக்குக் கீழ, கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு, நடக்குறதை மந்திரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். உள்ள இருந்த தண்ணியைக் கொட்டிட்டு, சாத்தையா படகை எறக்கினான். தண்ணி எறைக்கலாம்னு காத்தாயியும் தேங்காய்ச் சிரட்டையோட ஏறினா, எறைக்கத் தண்ணி இல்லாம வெத்தலையை மென்னுக்கிட்டே போனா. எல்லப்பன் படகும் நாலு ஆளோட, வலையோட, பளபளன்னு எறங்குச்சு. பத்து துடுப்பு போடுறதுக்குள்ள தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு, அப்புறம் முழங்காலுக்கு வந்துச்சு, அப்புறம் இடுப்புக்கு வந்துச்சு, அப்புறம் அஞ்சு பேரும் நீந்தித்தான் கரைக்கு வந்தாங்க.

மத்தியானம் சாத்தையா கூடை நெறைய வஞ்சிரத்தோட திரும்பி வந்தான்.

எல்லப்பன் ஓடி வந்து, "மகாராஜா, இவன் என்னை ஏமாத்திட்டான்! என்ன வித்தைன்னு மூணு தடவை கேட்டேன், சொல்லவே இல்ல!"ன்னான்.

ராஜா, "நீ என்னப்பா சொன்னே?"ன்னு கேட்டார்.

சாத்தையா யோசிச்சான். ராஜா காத்திருந்தார். "தண்ணி ஊத்துறேன்னு சொன்னேன், மகாராஜா."

"மூணு தடவையுமா?"

"ரெண்டு தடவை நான் சொன்னேன். மூணாவது இவ சொன்னா."

"அது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு கத்தினான் எல்லப்பன்.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டு, சட்டத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். மீனோட திரும்பாத படகோட இடம் பக்கத்துப் படகுக்காரனுக்கு. எல்லப்பன் கேட்டு வாங்கின சட்டம்தானே அது? அவன் இடத்துல சாத்தையா வலை காயப் போட்டான்.

அப்புறம் எல்லப்பன் என்ன பண்ணுவான்? சாத்தையா படகுல துடுப்புப் போட வந்தான். மொத நாள் காத்தாயி அவன் கூடையில காரப்பொடி போட்டா, ரெண்டாம் நாளும் காரப்பொடி, மூணாம் நாளும் காரப்பொடி. நாலாம் நாள் அவளுக்கே போதும்னு தோணி, ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்து வெச்சா.

"இது யாருக்கு?"ன்னான் எல்லப்பன்.

"ஒங்களுக்குத்தான் மாமா."

எல்லப்பன் அவளைப் பாத்தான், மீனைப் பாத்தான், மறுபடியும் அவளைப் பாத்தான். இதுல ஏதோ சூது இருக்குன்னு மீனை எடுத்துத் திருப்பி வெச்சுட்டு, காலிக் கூடையோட வீட்டுக்குப் போயிட்டான்.

பொய் சொல்றவனுக்கு அதுதான் தண்டனை. நெசத்தைக் கொடுத்தாலும் வாங்கத் தெரியாது.

நண்டு வளைக்குள்ள போச்சு, படகு கடலுக்குப் போச்சு, கதை ஒங்க காதுக்குள்ள போச்சு. கண்ணை மூடுங்க.