எலி கடித்த பெட்டி

"அம்மா, இதுல ஒண்ணுகூட அசல் இல்லை," என்றார் வைரவன்.

பிலோமினா நிமிரவில்லை. ஒரு இசைத்தட்டை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா, சார்?"

"ஒண்ணு விடாம."

திருச்சி பாலக்கரையில் பழைய கிராமபோன்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை அது. கடை பிலோமினாவுடையது. வைரவன் அவரிடம் வேலை கற்க வந்தவர். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்து, குரு சீடரை 'சார்' என்று கூப்பிடுவது அந்த ஒரு கடையில்தான்.

வைரவன் அதற்குமுன் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். கண்ணில் லென்ஸை மாட்டினால் கழற்ற மனம் வராது. சாப்பிடும்போதும் அதோடு உட்கார்ந்து ரசத்தில் கடுகு எண்ணுவார் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் குஞ்சிதம் நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் அம்மாள், லால்குடிக்காரர். முந்தின வாரம் கடைவாசலைத் தாண்டிப் போனபோது, குழாய் வைத்த அந்த கிராமபோன் கண்ணில் பட்டிருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் இருந்ததைப் போலவே இருந்ததாம். அன்றோடு தூக்கம் போயிற்று.

"எங்க அப்பாவோட சாமான்னு சொல்லிக்க வீட்ல ஒரு டம்ளர்கூட இல்லீங்க. எல்லாம் போயிடுச்சு. இது அதுதான்னா எப்படியாவது எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அது இல்லேன்னா எனக்கு எதுக்கு? அதை மட்டும் சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க சார்," என்றார் பிலோமினா.

வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழாயைப் பாருங்கம்மா. புதுப் பித்தளை. பழசுன்னா இதழ் இதழா ஒட்டியிருப்பான். இதுல ஒரே ஒரு பத்தவைப்பு. கழுத்துல பொருந்தாம துணியைச் சுத்திச் செருகியிருக்கு."

"எங்க வீட்டுது நீலக் குழாய்," என்றார் குஞ்சிதம். குரல் இறங்கிவிட்டது.

"திருகாணியைப் பாருங்க. தலையில கூட்டல் குறி. அந்தக் காலத்துல ஒத்தைக் கோடுதான். மோட்டார் வேற மாடலோடது, சூட்கேஸ் மாதிரி தூக்கிட்டுப் போவாங்களே, அதுலேர்ந்து கழட்டுனது. சாவியும் வேற. கம்பெனித் தகடு இருந்த இடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு."

"அந்த மரப்பெட்டி?"

"மரம் பழசுதான். பழைய தேக்கு எங்கேயும் கிடைக்கும்மா. போதாததுக்கு எலி வேற கடிச்சு வச்சிருக்கு."

பெட்டியின் மேல்விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள். விளிம்பின் மேலேயும் இருந்தன, அடியிலும் இருந்தன. அவற்றை அடைக்கத்தான் வைரவன் பட்டி குழைத்து இடது உள்ளங்கையில் வைத்திருந்தார். பட்டி வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் எலி வந்த சுவடே தெரியாது.

வைரவன் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அத்தனையும் சரியாகவே பட்டது. குஞ்சிதம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிலோமினா எழுந்து வந்தார். அந்தக் குழிகளைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்ல பாட்டு யாரு கேப்பாங்க?"

"அப்பாதான். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அப்ப நாலு வயசு, என்ன தெரியும்?"

"வேற யாரு?"

"அம்மா அடுப்படியில இருப்பாங்க. அக்கா ஒருத்தி. அவளுக்குத்தான் காது கேக்காதே. சின்னப் புள்ளையிலேயே ரெண்டு காதும் சீழ் வச்சுப் போயிடுச்சு. பாட்டு வச்சா ஓடிவந்து பெட்டி முன்னாடி நிப்பாளாம். தட்டு சுத்துறதை வேடிக்கை பாக்குறான்னு விட்டுடுவாங்களாம்."

"அக்கா இப்ப இருக்காங்களா?"

"வெளியில ஆட்டோவுலதான் இருக்கா. காது கேக்காதவளை இதுக்குப் போயி எதுக்குப் படியேத்தணும்னு விட்டுட்டு வந்தேன்."

"கூட்டிட்டு வாங்க."

குஞ்சிதம் வெளியே போனதும் வைரவன் குரலைத் தாழ்த்தினார்.

"காதே கேக்காதவங்க பாத்து என்னம்மா சொல்லப்போறாங்க?"

"தெரியலை சார்."

"அதுக்குள்ள இந்த எலிக்கடியை அடைச்சிடட்டுமா? பட்டி காஞ்சிடும்."

"அவங்க வந்துட்டுப் போகட்டும்."

தங்கை ஒரு கையையும் ஆட்டோக்காரர் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அபரஞ்சி மெல்லப் படியேறி வந்தார். நல்ல வயது. முதுகு வளைந்துவிட்டது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு மட்டும் மிச்சம்.

பளபளவென்ற குழாயை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியின் முன்பக்கம் போனார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

பிறகு பிலோமினாவைப் பார்த்து, சாவி கொடுப்பதைப் போல் கையைக் காற்றில் சுற்றினார்.

"ஒரு தட்டைப் போடுங்க சார்," என்றார் பிலோமினா.

வைரவன் வலது கையால் சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார். நாகஸ்வரம் கிளம்பியது.

அபரஞ்சி குனிந்தார். வாயைத் திறந்து பெட்டியின் விளிம்பைக் கவ்வினார். முன்பல் இரண்டும் குழிகளில் போய் உட்கார்ந்தன.

கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் விரல் பெட்டியின் பக்கவாட்டில் தட்ட ஆரம்பித்தது. தவிலோடு சேர்ந்து தட்டியது. தவில் நின்ற இடத்தில் நின்றது. மறுபடி வந்தபோது வந்தது.

"அக்காவுக்குக் கேக்குது," என்றார் குஞ்சிதம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வைரவன் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றினார்.

அபரஞ்சி ஒருமுறை தலையைத் தூக்கினார். காது கேட்காதவர்களின் உரத்த குரலில் பேசினார்.

"அப்பா கண்ணை மூடுனதும் கடிப்பேன். பாத்துட்டா, எச்சில்னு அடிப்பாரு."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

குஞ்சிதம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா காரியம் முடிஞ்ச கையோட இதைத்தாங்க முதல்ல வித்தாங்க. ஒண்ணுக்குக் காது கேக்காது, ஒண்ணுக்கு விவரம் தெரியாது, இது யாருக்குன்னு சொல்லி அம்மா தூக்கிக் குடுத்துட்டாங்களாம். அக்கா சோறு தண்ணி இல்லாம அழுதாளாம். அப்பாவுக்காக அழுதான்னுதான் இத்தனை வருஷமா எங்க வீட்ல பேச்சு."

குஞ்சிதம் அழத் தொடங்கினார். பிலோமினா அவர் தோளில் கை வைத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

தட்டு முடிந்தது. ஊசி கரகரத்தது. சுற்று தளர்ந்து நின்றது.

அபரஞ்சி வாயை எடுக்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காற்றில் சுற்றினார்.

குரு சொல்லட்டும் என்று வைரவன் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் ஒரு கையால் பெட்டியைப் பிடித்து, மறு கையைச் சாவியில் வைத்தார்.

"பெட்டியை விடுங்க சார். கையெல்லாம் பட்டி," என்றார் பிலோமினா. "முதல்ல போய்க் கழுவிட்டு வாங்க."