காயாத நீலக் கோட்டு

ஒரு ஊர்ல, அலைச் சத்தம் ஓயாத ஊர்ல, கித்தேரின்னு ஒருத்தி இருந்தா. வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறது அவ வேலை. அவ புருஷன் சவரியான் வள்ளத்துல மீன் பிடிக்கப் போவான். காலை ஆட்டாம கேளு தங்கம். 'ம்' கொட்டு.

ம்.

பெயிண்ட் ஒரு தடவை பூசினா ஒரு கோட்டு. மூணு கோட்டு அடிக்கணும், ஒவ்வொண்ணும் ஒரு நாள் வெயில்ல காயணும். காயாம மேல பூசினா உரிஞ்சு வந்துடும். பலகை இடுக்குல அடைச்ச பஞ்சும் கூடவே வந்துடும்.

அப்போ அவன் வள்ளத்துக்குத்தான் நீலம் அடிக்கணும், கோயில் கொடியேத்தமும் நெருங்குது. "அதுக்குள்ள ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வந்துடறேன், சீக்கிரம் முடி"ன்னான் சவரியான். சளப் சளப்னு ஒரே நாள்ல மூணு கோட்டும் அடிச்சுட்டா. மறுநாள் தொட்டுப் பாத்தா, விரல்ல நீலம் பிசுக்குனு ஒட்டுது. முந்தானையில துடைச்சுக்கிட்டு, "காஞ்சிடுச்சு"ன்னா. பாவி மக, பொய் சொல்லிட்டா.

ம்.

அவன் தோள் கொடுத்து வள்ளத்தைத் தள்ளிட்டுப் போனான். அப்புறம் மழை புடிச்சுது. கித்தேரி சோறு பொங்கல, கரையிலேயே நின்னா.

மத்தியானம் பக்கத்து வள்ளத்துக்காரங்க அவனைத் தூக்கிட்டு வந்தாங்க. அவன் வள்ளம் முங்கிப்போச்சு. "இடுக்குல குபுகுபுன்னு தண்ணி. மழைக் கோட்டைக் கழட்டித் திணிச்சிருக்கான். அது தாங்கினதால நாங்க போய்ச் சேர முடிஞ்சுது"ன்னாங்க.

அப்புறம் ஆஸ்பத்திரி. உள்ளயிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு வந்துச்சு, டாக்டரம்மா. அந்த இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சுட்டுப் போயிட்டான் பாரு. கித்தேரிக்கு பெயிண்ட், மழை, வெள்ளைன்னு அந்த மூணு கோட்டும் ஒரே நாள்ல வந்து சேர்ந்துச்சு.

"பொழச்சுக்குவார்மா. தோள்ல நீலமா இருக்கே, எங்கயாவது இடிச்சுக்கிட்டாரா?"

கித்தேரி முந்தானையில ஒட்டின நீலத்தைக் காட்டினா. "அது அடி இல்ல டாக்டர். நான் அடிச்ச பெயிண்டு. காயல. காஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

உள்ள போய் அவன் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. அவன் மெல்லச் சொன்னான். "தள்ளும்போதே தோள்ல ஒட்டுச்சு கித்தேரி. எனக்குத் தெரியும். கரையில அத்தனை பேர் நிக்கிறாங்க, உன் வேலையை எப்படிக் குறை சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே"ன்னா அவ.

"நீயும்தான்"னான் அவன்.

முழிச்சிருக்கியா?

...ம்.

அப்புறம் எத்தனையோ மாசம் கழிச்சு அவங்களுக்கு வேற ஒரு வள்ளம் வந்துச்சு, அதுக்கும் அவதான் பெயிண்ட் அடிச்சா. கரை நிறைய ஜனம் நிக்க, சவரியான் துடுப்போட வந்தான். கித்தேரி விரலால தொட்டுப் பாத்தா. "இன்னும் காயல"ன்னா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அவன் துடுப்பைக் கீழ வச்சுட்டு, அவ பக்கத்துல மணல்ல உக்காந்துட்டான்.

வள்ளம் காஞ்சுது, கதை கரை சேர்ந்துது. நீயும் கண்ணை மூடு.