தேய்ந்த இடம்

வயிற்றுக்குப் பல் பிடுங்கி, மனசுக்குப் பித்தளை கடைகிற டாக்டர் ஒருவர் கோவையில் இருந்தார். பெயர் ஷாஜகான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் பித்தளை கடைய ஒரு லேத். கையளவு நீராவி எஞ்சின்கள் அங்கே பிறக்கும்.

அவரிடம் கடையக் கற்றவர் கிருபாவதி, பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். குருவைவிட நன்றாகவே மூத்த சிஷ்யை. ஆனாலும் கொட்டகைக்குள் வந்துவிட்டால் கைகட்டித்தான் நிற்பார்.

கிருபாவதி வருஷக்கணக்கில் கடைந்து பழகிய லேத், போன வாரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் புது லேத் ஒன்று மினுக்கிக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம் தூறல். தகரத்தில் விழும் சத்தமும் மோட்டார் முனகலும் ஒன்றாகிக் கண்ணைச் செருக வைத்தன. பித்தளைச் சுருள் சுருண்டு சுருண்டு தரையில் இறங்கியது. கிருபாவதி கடைந்துகொண்டே, தூக்கத்தில் பேசுகிறவர் போலச் சொன்னார்.

"வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு பொள்ளாச்சி போயிட்டாருங்க. அவங்க அண்ணன் வீட்டுக்கு."

"என்னாச்சுங்க அக்கா?"

"எங்க போனேன், யார்கூடப் பேசுனேன், எப்ப வந்தேன், எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்றேன். 'நான் என்ன போலீஸா'ங்கறாரு. உண்மையைச் சொல்றது ஒரு தப்புங்களா?"

இது கிருபாவதிக்கு இரண்டாம் கல்யாணம். முதல் கணவர், இவர் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் விசாரணை தொடங்குகிற ரகம். இரண்டாமவர் கதிர்வேலோ மென்மையான மனுஷர். அவரும் போய்விடுவாரோ என்று கிருபாவதிக்குப் பயம்.

ஷாஜகான் கையை நீட்டினார். கடைந்த உருளையை வாங்கி அளந்தார். ஒரு முனை மட்டும் மெலிந்திருந்தது.

"புது மெஷின் சரியில்லைங்க. காலையில இருந்து எல்லாமே இப்படித்தான் வருது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். ஆனால் கிருபாவதிக்கு நன்றாகவே ஆடத் தெரியும். அதனால் குரு சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார்.

"கண்ணை மூடிக்கிட்டு, சும்மா ஓட்டுங்க அக்கா."

இடது கை சக்கரத்தைச் சுற்ற, கடைகிற டூல் மெல்ல நகர்ந்தது. துண்டைக் கவ்வியிருக்கும் பிடிப்பை நெருங்கியதும், வலது கை தானாகவே கைப்பிடியைத் துளி உள்ளே திருகியது.

"அங்க எதுக்குத் திருகினீங்க?"

"அங்க பள்ளமாச்சுங்களே. தேஞ்ச இடம். திருகலீன்னா அந்த முனை பருத்துக்கும். நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க?"

"அந்த லேத்துல அதுதான் சரி. பள்ளத்தைத் தொட்டுக் காட்டுங்க."

டூல் ஓடுகிற பாதையில், கண்ணைத் திறக்காமலே விரலை வைத்துத் தடவினார். இரும்பு, குளத்துத் தண்ணீர் போலச் சமமாகக் கிடந்தது. விரல் போய் வந்தது, மறுபடியும் போய் வந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் பொள்ளாச்சி போய் அவரைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேனுங்க. இங்க வந்தது, நேரமானது, இதையெல்லாம் எங்கிருந்து சொல்ல ஆரம்பிக்கிறது?"

குரு பித்தளைத் தூளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரு கேட்டாருங்களா?"