குருவிப்பொட்டல் கம்ப்யூட்டருக்குத் தினமும் திறப்பு விழா

குருவிப்பொட்டல் பால் சங்கத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை என்று ஒன்று இருந்ததென்றால், அது பவளக்கொடியின் நாற்பது பக்க நோட்டுதான். அவள்தான் சங்கத்தின் எழுத்தர். யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதுவாள், எழுதியதை அப்படியே செய்வாள். ஒருமுறை தலைவர் வைகுண்டமணி எரிச்சலில், "கொஞ்சம் சும்மா இரு தாயி" என்றார். அதையும் எழுதிக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சங்கத்தில் கம்ப்யூட்டரை இறக்கினார்கள். கூடவே பால் லாரி டிரைவர் சூசை ஒரு சேதியையும் இறக்கினார்.

"நாளையிலேருந்து கம்ப்யூட்டர் சீட்டு இருந்தாத்தான் பாலை ஏத்துவேன். தொடர்ந்து மூணு நாள் சீட்டு இல்லைன்னா சங்கத்தை மூடிருவாவ. அப்புறம் நீங்க எல்லாரும் மேலப்பொட்டலுக்குத்தான் பாலைக் கொண்டுபோவணும்."

மேலப்பொட்டல் என்றதும் பவளக்கொடியின் பேனா நின்றுவிட்டது. மேலப்பொட்டல் சங்கத்தில் சீட்டு எழுதுகிறவள் அவளுடைய நாத்தனார் செல்லக்கனி. பவளக்கொடி வைத்த புளிக்குழம்பை நாலு பேர் முன்னால் 'கைகழுவுன தண்ணி' என்று சொன்னவள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் முன்னால் பால் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பதா? அதற்கு மாட்டையே விற்றுவிடலாம்.

அன்றைக்கு மினி பஸ்ஸில் புரோகிராம்காரர் நவநீதன் வந்தார். திரையில் ஒரு நீலக் கட்டத்தைத் திறந்தார். அதற்கு விண்டோ என்று பெயராம். சகலமும் முடித்துவிட்டுக் கிளம்பும்போது தெளிவாகச் சொன்னார்.

"அக்கா, ஒவ்வொரு தடவை இந்த விண்டோவைத் திறக்கும்போதும் இன்னைக்குச் செஞ்ச எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். ஒண்ணை விட்டாலும் சீட்டு வராது."

அவர் சொன்னது மூன்றே வேலை. தேதி போட வேண்டும், தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், சங்கத்தின் எண்ணை அடிக்க வேண்டும். ஆனால் பவளக்கொடி அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவும் சேர்ந்து நோட்டில் இருபத்திரண்டு வரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நால்வரும் கூடினார்கள். பவளக்கொடி நோட்டைப் பிரித்து வாசித்தாள். "செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பு கவிழ்ந்து விழுந்தது."

தலைவர் செருப்பைக் கழற்றினார். இரண்டும் நிமிர்ந்தே விழுந்தன. ஒன்பதாவது தடவைதான் ஒன்று கவிழ்ந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

கேன் தூக்கும் ஐகோர்ட்துரை தேங்காய் உடைத்தார். தலைவர் ரிப்பன் வெட்டினார். நேற்று வெட்டிய ரிப்பன்தான், முடிச்சுப் போட்டு மறுபடி கட்டியிருந்தார்கள். அடுத்த வரி, 'சூடம் புகையில் மூன்று முறை தும்மினார்.' பால் அளக்கிற கொம்பையா, "தும்மல் எம்பொறுப்பு" என்று மூக்குப்பொடியை எடுத்தார். பொடி நல்ல பொடி. தும்மல் நாலு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, மூணுதான் எழுதியிருக்கு" என்றாள் பவளக்கொடி.

"நாலாவதை நான் தும்மலை தாயி. அது தானா வந்தது."

"தானா வந்தாலும் தும்மல் தும்மல்தான்வே" என்றார் தலைவர். "ஒண்ணு கூடிப்போச்சுன்னா கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்?"

கம்ப்யூட்டர் என்ன நினைக்கும் என்பதைக் கால்மணி நேரம் பேசினார்கள். கடைசியில் செருப்பிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. கொம்பையாவின் தும்மல் ஐந்தானது, இரண்டானது, ஒருதரம் ஏழுகூட ஆனது. சரியாக மூன்று வந்தபோது வாசலில் லாரி ஹாரன் அடித்தது. சூசை அரைமணி நேரம் பார்த்தார். சீட்டு வரவில்லை, லாரி போய்விட்டது.

புதன்கிழமை கொம்பையா பொடியைக் கிள்ளுவதில் தேறியிருந்தார். மூன்று தும்மல் கச்சிதமாக விழுந்தது. காபியைப் பாதி குடித்துவிட்டு, "சக்கரை ஜாஸ்தி" என்று தலைவர் முகம் சுளித்தார். சக்கரையே போடாத காபி அது. விண்டோ திறந்தது. தலைவர் காதில் போனை வைத்து, யாரும் கூப்பிடாமலே, "வந்துடறேன், வந்துடறேன்" என்றார். புரோகிராம்காரருக்கு அப்போது வீட்டிலிருந்து போன் வந்திருந்ததே, அதற்காக.

அடுத்த வரி, 'கரண்ட் போனது. பதினோரு நிமிடம்.'

காத்திருந்தார்கள். கரண்ட் போகவில்லை. வேண்டாத நாளெல்லாம் போகிற கரண்ட், வேண்டும் என்றால் போகுமா? ஐகோர்ட்துரை ஸ்டூலில் ஏறி ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார். பதினோரு நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி செருகினார். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. பவளக்கொடி அடுத்த வரியை வாசித்தாள். "மறுபடி விண்டோவைத் திறந்தார்."

"திற தாயி."

"திறக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முதல்லேருந்து செய்யணும்னு சொல்லியிருக்காரு."

நால்வரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்கள்.

செருப்பு, தேங்காய், ரிப்பன், தும்மல், காபி, விண்டோ, போன், ஃப்யூஸ். திரும்பவும் செருப்பு. நாலாவது சுற்றில் ரிப்பன் முடிச்சு மேல் முடிச்சாகி விரல் நீளத்துக்கு வந்திருந்தது. தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வெட்டினார். ஐந்தாவது சுற்றில் கொம்பையாவுக்கு மூக்கு மரத்துவிட்டது.

"இது எப்பம் முடியும்?" என்றார் ஐகோர்ட்துரை.

"அதை எழுதலை" என்றாள் பவளக்கொடி.

அன்றும் லாரி வெறுமனே போனது. உடைத்த தேங்காயும் ஏற்றாத பாலும் சேர்ந்து ஊரெல்லாம் பால்கொழுக்கட்டை மணத்தது. எல்லோரும் சந்தோஷமாகத் தின்றார்கள், பவளக்கொடியைத் தவிர. நாளைக்கும் சீட்டு வராவிட்டால் செல்லக்கனியின் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அழுகையை அடக்கிக்கொண்டு புரோகிராம்காரருக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் செஞ்சீங்களாக்கா?"

"ஒண்ணு விடாம செஞ்சோம் தம்பி. மூக்குதான் மரத்துப்போச்சு."

மூக்கு என்றால் என்னவென்று நவநீதனுக்குப் புரியவில்லை. "ஏதோ ஒண்ணை விட்டிருக்கீங்க. நாளைக்கு நானே வர்றேன்" என்றார்.

எதை விட்டோம்? பவளக்கொடி நோட்டை வரிவரியாக விரலால் தடவிப் பார்த்தாள். முதல் வரியிலேயே விரல் நின்றது. 'புரோகிராம்காரர் மினி பஸ்ஸில் வந்தார்.' அடப்பாவி, தலையையே விட்டுவிட்டு வாலை ஆட்டியிருக்கிறோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை நவநீதன் மினி பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார், முதல் தடவையிலேயே ஒன்று கவிழ்ந்தது. சூடம் புகையில் சரியாக மூன்று முறை தும்மினார். கொம்பையா கண்கலங்கிவிட்டார். லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே விண்டோவைத் திறந்து நாலு தட்டுத் தட்டினார். சீட்டு வந்தது. பால் ஏறியது. சங்கம் பிழைத்தது. பவளக்கொடி மேலப்பொட்டல் இருக்கும் திசையைப் பார்த்துக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினாள்.

"இவ்வளவுதாங்க்கா" என்று நவநீதன் எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பதினோரு நிமிடம் கழித்து வந்தது.

"சரி, சாயங்காலப் பாலுக்கு நானே திறந்து வச்சுட்டுப் போறேன்" என்று அவர் கையை நீட்டினார். நாலு பேரும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க முதல்ல வரணும்லா தம்பி" என்றாள் பவளக்கொடி.

"நான்தான் வந்துட்டேனே."

"வந்துட்டீக, அதான் கஷ்டமே. வந்தவுக எப்படி வருவாக?"

நவநீதன் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றிலும் சிரிப்பு இல்லை. மாலையும் மரியாதையுமாக அவரை மினி பஸ்ஸில் ஏற்றினார்கள். தப்பித்தோம் என்று அவர் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினார். பாவம், வெளியூர்க்காரர். அந்த பஸ் மேலப்பொட்டல் வரை போய்த் திரும்பி, குருவிப்பொட்டல் வழியாகத்தான் டவுனுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாது.

அரைமணி நேரத்தில் பஸ் வந்து நின்றது. நாலு பேரும் ஓடிப்போய் அவரைத் தூக்கத்தோடு இறக்கினார்கள். ஒன்றும் புரியாமல் செருப்பைக் கழற்றினார், ஒன்று கவிழ்ந்தது. தேங்காய் உடைந்தது. தும்மல் ஒன்று, இரண்டு, மூன்று. காபியை வாயில் வைத்தவர், "சக்கரை ஜாஸ்தி" என்று பாதியை வைத்தார். பவளக்கொடிக்குப் புல்லரித்தது. அவர் விண்டோவைத் திறக்கவும் போன் அடித்தது. வீட்டுக்காரி.

"வந்துடறேன், வந்துடறேன்" என்றார் நவநீதன், அழாத குறையாக.

பவளக்கொடி அந்த வரிக்கும் ஒரு டிக் போட்டாள். ஐகோர்ட்துரை ஏற்கெனவே ஸ்டூலில் ஏறி, ஃப்யூஸ் கட்டையில் கைவைத்துத் தயாராக நின்றார்.

"இப்பம் பிடுங்கட்டா தாயி?"

"பொறுங்க" என்ற தலைவர் வாசலுக்கு ஓடிப்போய், டீக்கு நின்றுவிட்டு அப்போதுதான் கிளம்பிய மினி பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தினார். "ஜன்னலோர சீட்டை யாருக்கும் குடுத்துராதிய. தம்பி இன்னொருக்க வரவேண்டியிருக்கு."