ஆறாவது ஜன்னல்

வைத்திலிங்கம் முப்பத்தாறு வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, கையளவு மாடல் ரயில்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று, அதற்கென்றே சின்னப் பட்டறை வைத்திருந்த பிரமிளாவிடம் போய்ச் சேர்ந்தார். சீடருக்கு வயது அறுபத்து நாலு. குருவுக்கு நாற்பத்தொன்று.

கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள்.

"என்ன வைத்தி, எக்ஸ்பிரஸ் ஓட்டின ஆளு, இப்போ மேசை மேல வண்டி ஓட்டுறியாமே?"

"ஆமாய்யா. இங்கே சிக்னலைத் தாண்டினா மெமோ வராது" என்பார்.

பிரமிளாவை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். பிரமிளா அவரை சார் என்றார்.

ஒரு நாள் பிரமிளா வெளியூர் போயிருந்த சமயம், சுகிர்தம் என்ற அம்மாள் ஒரு ரயில் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் கணவர் தேவசகாயம் தன் கையாலேயே செய்த பெட்டி. ஏறும் வாசலில் இருந்த குட்டிப் படி மட்டும் கழன்று விழுந்திருந்தது.

பெட்டிக்கு ஆறு ஜன்னல். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு பொம்மை மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் எங்க குடும்பம்தான் சார்" என்றாள் சுகிர்தம். "எங்க வீட்டுக்காரங்களுக்கு இப்போ யாரையும் அடையாளம் தெரியல. நான் சோறு ஊட்டினா, நீ யாரும்மா, நல்லாயிருன்னு சொல்றாங்க. ஆனா இந்தப் பெட்டியைக் கையில குடுத்தா, ஒவ்வொரு ஜன்னலாத் தொட்டுப் பேர் சொல்லுவாங்க. இந்தக் கடைசி ஜன்னல்ல இருக்கிறது நான்."

"காலையில பத்து மணிக்கு வாங்கம்மா. தயாரா இருக்கும்" என்றார் வைத்திலிங்கம்.

சட்டென்று ஒட்டுகிற பசையை எடுத்தார். ஒரு சொட்டு போதாது என்று இன்னொரு சொட்டும் விட்டார். படி இரும்பாட்டம் நின்றது. தூசி படக் கூடாதே என்று பெட்டியை ஒரு டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் திறந்து பார்த்தால் ஆறு ஜன்னலும் பால் ஊற்றினது போல வெளுத்திருந்தன. துணியால் துடைத்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். கீறல் விழுந்தது.

சுகிர்தம் பத்து மணிக்கு வந்துவிட்டாள்.

"ஐயோ, ஜன்னல் என்ன சார் இப்படி?"

வைத்திலிங்கத்தின் வாயிலிருந்து அவர் நினைக்கும் முன்பே அந்தப் பேச்சு வந்தது.

"இது பழசு பாருங்கம்மா. வரும்போதே லேசா மங்கித்தான் இருந்துச்சு."

அவள் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான்தான் சரியா வெச்சுக்கல போல. சமையலறைப் பக்கம் வெச்சேன், புகை பட்டிருக்கும். என் புத்தியைச் சொல்லணும். படியை நல்லா ஒட்டிக் குடுத்தீங்க சார், ஆண்டவர் உங்களை நல்லா வெக்கட்டும்."

துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வைத்திலிங்கத்தின் மனைவி விளக்கேற்றிவிட்டு விபூதித் தட்டை நீட்டினாள். அவருக்குக் கை எழவில்லை. "அப்புறம் பூசிக்கிறேன்" என்று எழுந்து போனார். மறுநாளும் அப்படியே போனார்.

மூன்றாம் நாள் பிரமிளா வந்துவிட்டார். வைத்திலிங்கம் வாசலிலேயே கேட்டார்.

"டீச்சர், பாதுகாப்பான பசை எது?"

"ஏன் சார்?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

பிரமிளா அவர் முகத்தைப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு டப்பா எடுத்தார். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் துண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்தார். பக்கத்தில் ஒரு சட்டைப் பொத்தான். சட்டென்று ஒட்டுகிற பசையை இரண்டு பொத்தானிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டார். ஒரு டப்பாவை மூடினார். இன்னொன்றைத் திறந்தபடி ஜன்னலோரம் வைத்தார்.

"நாளைக்குப் பார்ப்போம் சார்."

மறுநாள் திறந்து வைத்த டப்பாவில் பிளாஸ்டிக் அப்படியே தெளிவாக இருந்தது. மூடிய டப்பாவில் அது வெளுத்துக் கிடந்தது.

"பசையோட ஆவி வெளியே போக வழியில்ல. பக்கத்துல இருந்ததுமேல போய்ப் படிஞ்சிடுச்சு" என்றார் பிரமிளா. "இதுல எந்தப் பசை பாதுகாப்பு, சொல்லுங்க."

"ரெண்டும் ஒரே பசைதானே டீச்சர்."

"ஆமா."

வைத்திலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு சொட்டு விட்டது, டப்பாவை மூடியது, துடைத்துக் கீறியது. அந்த அம்மாள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, வாழ்த்திவிட்டுப் போனதையும் சொன்னார்.

"முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டினேன் டீச்சர். ஒரு பொய் எழுதிக் குடுத்ததில்ல. ஒரு பொம்மைப் பெட்டிக்காகச் சொல்லிட்டேன்."

பிரமிளா திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"பெட்டியை வாங்கிட்டு வாங்க சார்."

சுகிர்தத்தின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தேவசகாயம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரயில் பெட்டி. கடைசி ஜன்னலைச் சட்டை நுனியால் தேய்த்துவிட்டு உற்றுப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"உள்ளே யாரோ இருக்காங்க" என்றார் வைத்திலிங்கத்தைப் பார்த்து. "கதவு திறக்க மாட்டேங்குது."

"மூணு நாளா இப்படித்தான் சார்" என்றாள் சுகிர்தம். "என்னைத் திட்டுறதுக்குக்கூட அவங்களுக்கு என்னைத் தெரியல. நான்தானே பாழாக்கினேன். உக்காருங்க, டீ போடுறேன்."

"வேணாம்மா. டீச்சர் ஒரு தடவை பாக்கணும்னாங்க, அதான்..." என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

பிரமிளா தெளிந்த பிளாஸ்டிக் தாளை அளந்து வெட்டினார். வெளுத்த ஜன்னலைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைக் குச்சி முனையில் தொட்டு, புது ஜன்னலின் ஓரம் முழுக்கத் தடவிப் பொருத்தினார்.

"இது வெளுக்காதா டீச்சர்?"

"இதுல அந்த ஆவி கிடையாது. தண்ணிதான். மெதுவாக் காயும். காஞ்சா கண்ணுக்கே தெரியாது."

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து ஜன்னல் முடிந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். வைத்திலிங்கத்துக்கு மூச்சு லேசாக வந்தது.

"டீச்சர், இப்படியே கொண்டுபோய்க் குடுத்துட்டா அந்த அம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. பழசை எதுக்குக் கிளறணும்?"

பிரமிளா கத்தியைக் கீழே வைத்தார். கடைசி ஜன்னலுக்கு வெட்டிய பிளாஸ்டிக் துண்டை ஒரு காகிதத்தில் மடித்தார். வெள்ளைப் பசைக் குப்பியையும் கத்தியையும் குச்சியையும் அதோடு சேர்த்து வைத்தார். எல்லாவற்றையும் சீடரின் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு ஜன்னல் பாக்கி இருக்கே டீச்சர்."

"அதை அந்த அம்மா வீட்டுல, அவங்க முன்னால உட்கார்ந்து நீங்க மாத்துங்க சார்."

வைத்திலிங்கம் வெளுத்துக் கிடந்த அந்த ஆறாவது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாத்துறீங்கன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"அதுக்கு மட்டும் அந்தச் சட்டுனு ஒட்டுற பசையைக் குடுத்துடுங்க டீச்சர். ஓரமா, துளியூண்டு வெச்சிட்டு வந்துடுறேன். இது காய ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அந்த அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?"

"பாதுகாப்பான பசை எதுன்னு கேட்டீங்களே சார்" என்றார் பிரமிளா. "காய ஒரு மணி நேரம் ஆகுதே, இதுதான்."