வார்னிங் போன கூரை

"இந்த சாப்ட்வேருக்கு என்னதான் வேணுமாம் மேடம்?"

சகாயராஜின் குரலில் கேள்வியைவிட அலுப்பே அதிகம். இருபது வருடம் கட்டட வேலைகளில் வெயிலில் வெந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது கணினி முன் உட்கார வந்தவர். கற்றுக்கொடுக்கும் செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு இரும்புக் கூரை. காலையிலிருந்து கணினியில் அதே கூரையின் வடிவமைப்புதான். எத்தனை முறை கணக்கை ஓட்டினாலும் அதே வார்னிங்: இந்த இடம் நிலையாக இல்லை.

"இரும்பு போதலையோன்னு தடிமனாக்கினேன். கத்துச்சு. இன்னும் தடிமனாக்கினேன். அப்பவும் கத்துச்சு."

"இப்போ?"

"அது சொன்ன மூலையில, கம்ப்யூட்டர்ல ஒரு சப்போர்ட் வச்சேன். வாயை மூடிடுச்சு. எல்லாம் பச்சை. வரைபடத்தை அனுப்பிடலாமா? கான்ட்ராக்டர் உயிரை எடுக்கிறார்."

"அந்த மூலையில, சைட்ல, என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் காத்து." சகாயராஜ் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா அங்க வர்ற விசை ரொம்பக் கம்மி மேடம். ஒரு கை தாங்கிடும்."

செண்பகவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

இழுப்பறையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். சகாயராஜின் கணினி இருந்த இரும்பு மேசைக்கு அடியில் குனிந்தார். கால்களுக்கு இடையே சாய்வாக ஓடிய பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? அதுல என் கம்ப்யூட்டர் இருக்கு!"

கடைசிப் பட்டையும் கழன்றது. மேசை மெல்ல ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. சகாயராஜ் பாய்ந்து மூலையைப் பிடித்தார்.

நின்றது.

"நின்னுடுச்சே" என்றார் செண்பகவல்லி. பட்டைகளை அள்ளிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

சகாயராஜுக்குக் கை வலிக்கவில்லை. உண்மையிலேயே ஒரு கை போதுமாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம்! நான் விட்டா சாஞ்சிடும்!"

"விடாதீங்க."

"விளையாடாதீங்க மேடம். நான் இப்படியே எவ்வளவு நேரம் நிக்கிறது?"

செண்பகவல்லி வாசலில் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கூரைக்குக் கீழ பிள்ளைங்க சாப்பிடுற காலம் வரைக்கும்."